பயிருக்கு மேலே போகும் படகு

கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாடு பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை பேசியிருக்கிறேன். நேரில் பார்க்க இந்த ஜனவரியில்தான் வாய்த்தது. நானும் மனைவியும் நான்கு நாள் ஆலப்புழையில் தங்கி, கால்வாய்களிலேயே சுற்றிவிட்டு வந்தோம்.

இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற தம்பதிகள் ஏழடி அகலமே உள்ள நீளப் படகை வீடாக்கிக்கொண்டு, பழைய சரக்குக் கால்வாய்களில் நடக்கிற வேகத்தில் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நமக்கு அந்த வசதி ஏது? ஆனால், கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை படகு இருக்கிறது. நம் டவுன் பஸ் மாதிரிதான். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார். ஒவ்வொரு துறையிலும் பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைக்காரர்கள் ஏறி இறங்குவார்கள். கட்டணம் சொற்பம். ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

ஹவுஸ்போட்டில் நாங்கள் ஏறவில்லை. அவையும் ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளங்கள்தான். ஆணி அடிக்காமல், அயனிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்தவை. சாலை வந்து லாரி ஓடத் தொடங்கியதும் வேலை இழந்தன. 1990-களில் சுற்றுலாவுக்கு மாறின. நம் பக்கம் மரக்காணத்திலிருந்து சென்னைக்கு பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகில் போன காலம் உண்டு. அந்தப் படகுகளுக்கு இப்படி மறுவாழ்வு கிடைக்கவில்லை.

படகு வாய்க்காலில் திரும்பியதும் மனைவி என் கையைத் தட்டினார். "என்னங்க, பயிர் நமக்குக் கீழ இருக்குது!" உண்மைதான். கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கம், சில இடங்களில் கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் தாழ்வாக, வயல். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் வந்து சேரும் வேம்பநாட்டுக் காயலின் சேற்றை வெட்டிக் கரை போட்டு உண்டாக்கிய நிலம். 2013-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இதை உலகப் பாரம்பரிய வேளாண்மை முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

வயல்களைத் தொகுப்பு தொகுப்பாகப் 'பாடசேகரம்' என்கிறார்கள். ஒரு கரைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் தண்ணீரை இறைக்க வேண்டும். தனியாக ஒருவர் விதைக்க முடியாது. இறைக்கும் கருவி 'பெட்டியும் பறையும்'. பீப்பாய் போன்ற உருளைக்குள் மோட்டார் விசிறி சுழன்று, நீரை மரப்பெட்டி வழியாக வெளியே தள்ளுகிறது. ஏற்றும் உயரம் குறைவு, தள்ளும் அளவு மிக அதிகம். நம் நீர்மூழ்கி மோட்டாருக்கு நேர் எதிர். மண்ணும் அப்படித்தான். களர் நிலத்துக்கு நாம் ஜிப்சம் போடுகிறோம்; அங்கே கடும் அமில மண் என்பதால் சுண்ணாம்பு. முளைகட்டிய விதையை நேரடியாகத் தெளிக்கிறார்கள். அதிகம் தென்பட்டது மங்கொம்பு நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த 'உமா' ரகம்.

"நம்மூர்ல தண்ணிய உள்ள கொண்டு வர அடிச்சிக்கிறோம், இவங்க வெளிய தள்ளப் பாடுபடறாங்க" என்றார் மனைவி. செய்யாற்றங்கரை மாகறலில் வாழ்க்கைப்பட்டவர் வேறென்ன சொல்வார்!

படகுத்துறை டீக்கடையில் ஒரு விவசாயியுடன் பேச்சு வளர்ந்தது. அவர் கவலை தண்ணீர்முக்கம் தடுப்பணை பற்றியது. கோடையில் கடலின் உப்புநீர் ஏறாமல் தடுக்க 1970-களில் கட்டியது. டிசம்பர் நடுவில் மதகை மூடி மார்ச் நடுவில் திறக்க வேண்டும். "விதைப்பு பிந்தினா அறுவடை பிந்தும், மதகும் மூடியே கிடக்கும். மீன்காரங்க எங்களத் திட்டுவாங்க. திறந்தா எங்க பயிர் போச்சு" என்றார், தமிழும் மலையாளமும் கலந்து.

மீனவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூடிய மதகால் மீனும் இறாலும் கடலிலிருந்து ஏறி வர முடிவதில்லை. உப்பு நுழைந்தால் அழியும் ஆகாயத்தாமரை, நல்ல தண்ணீரில் கொழுத்து வாய்க்காலை அடைக்கிறது. எங்கள் படகே இருமுறை அதில் சிக்கி, விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் மீண்டது. அணையைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது என் கருத்து. எல்லாப் பாடசேகரங்களும் ஒரே பதினைந்து நாளில் விதைத்து முடித்தால், குறித்த தேதியில் மதகைத் திறந்துவிடலாம். நம் ஏரிகளில் கடைமடைக்காரரைக் கேட்டு நீர்க்கட்டி மதகு திறந்த ஏற்பாடு போன்றதுதான் இது. அங்கே மீன்காரரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

போக விரும்புவோர் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் பயிரைப் பச்சையாகப் பார்க்கலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஆலப்புழைக்கு நேரடி ரயில் உண்டு. படகுத்துறையில் நெடுமுடி, காவாலம் படகுகளின் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காலை முதல் படகில் ஏறினால் ஜன்னலோர இடம் கிடைக்கும்.