கிரியேட்டினின் 1.4-ஆ, 1.2-ஆ?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் ஷெவ்ரல் என்ற பெயர் எனக்கு மெழுகுவத்தியோடு சேர்ந்தே அறிமுகம். கொழுப்பை ஆராய்ந்து, புகையாத நல்ல மெழுகுவத்திக்கு வழி செய்தவர். 102 வயது வாழ்ந்தார். அவர்தான் 1832-இல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியேட்டினைப் பிரித்தெடுத்தவர் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. கிரேக்கத்தில் 'கிரேயாஸ்' என்றால் இறைச்சியாம்.

தசையிலுள்ள அந்தக் கிரியேட்டின் தேய்ந்து கிரியேட்டினின் ஆகிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இங்கே திருப்பாச்சூரில் வாசீஸ்வரர் கோயில் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் உட்கார்ந்தால் சர்க்கரைக்கு அடுத்த பேச்சு இதுதான்.

போன மாதம் திருவள்ளூரில் ஒரு லேபில் என் மனைவிக்கு 1.4 வந்தது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் 1.2. பத்தில் இரண்டுதானே என்று விட முடியாது. 68 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன் சுமார் 41, 1.2 என்றால் சுமார் 49 என்று கணக்கு வருகிறது. 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோப்பு பார்த்தே காலம் தள்ளியவன் அல்லவா! பொடி எழுத்தில் ஒன்றில் 'யாஃபே' என்றும் மற்றதில் 'என்சைம்' என்றும் இருந்தது.

யாஃபே முறை 1886-இல் வந்தது. காரத்தோடு பிக்ரிக் அமிலம் சேர்த்தால் செம்மஞ்சள் நிறம் வரும். செலவு குறைவு. ஆனால் ரத்தத்திலுள்ள சர்க்கரை, கீட்டோன், புரதம்கூட அதே நிறத்தைக் கொஞ்சம் கொடுத்து எண்ணை ஏற்றிவிடும்.

மற்றதில் ஒரு என்சைம் கிரியேட்டினினைக் கிரியேட்டினாக்கும். அதைக் கிரியேட்டினேஸ் என்ற என்சைம் சார்கோசின், யூரியா என்று இரண்டாக உடைக்கும். சூடோமோனாஸ் பியூட்டிடா என்ற மண் பாக்டீரியாவிடம் இருப்பது இது. மூன்றாவது என்சைம் சார்கோசினிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, அதை வைத்து நிறம் வரவழைக்கிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே கிரியேட்டின் இருக்குமே? அதையும் இதே கிரியேட்டினேஸால் முன்கூட்டியே உடைத்து ஒழித்துவிடுகிறார்கள். ஜிம் பையன்கள் டப்பா டப்பாவாகக் கிரியேட்டின் பொடி சாப்பிடும் காலத்தில் தேவைதான்.

டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு மாத்திரையில் கை வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரே லேபில், என்சைம் முறையிலேயே எடுக்கச் சொன்னார்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்குச் சில டாக்டர்கள் கொடுக்கும் கால்சியம் டோபெசிலேட், அந்தப் பெராக்சைடு கட்டத்தில் குறுக்கிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். அதைச் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.