விரலடையாளம்

சென்ற மார்கழி விடுமுறையில் ஓரிரவு நம் வீட்டில் மூன்று தலைமுறையினர் ஒரே திரையின் முன் அமர்ந்திருந்தோம். இஃதென்ன பெரிய செய்தி என்று வாசகர் வினவலாம். கைத்தொலைபேசிகள் நான்கு உள்ள வீட்டில் எல்லாக் கண்களும் ஓரிடத்தில் குவிவது உடுவிலிலும் இன்று அரிய காட்சியே. அன்று ஓடியது நிக் பார்க் என்ற ஆங்கிலேயக் கலைஞர் களிமண் பொம்மைகளைக் கொண்டு ஆக்கிய 23 நிமிடப் படம். வீட்டில் பாற்கட்டி தீர்ந்துபோனமையால், சந்திரன் பாற்கட்டியால் ஆனது என நம்பி, நிலவறையில் ராக்கெட் செய்து புறப்படும் ஒரு மனிதனும் அவனது நாயும்தான் கதை. ஆறு வயது மகன் சிரித்தான். எழுபதைத் தாண்டிய அம்மாவோ சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே சென்றார்.

“தம்பி, உங்கை பார், ஆற்றையோ விரல் அடையாளம் கிடக்குது.”

உண்மைதான். பொம்மையின் கன்னத்தில் அதனைப் பிசைந்தவனின் கைரேகை தெரிந்தது. திரைப்படக் கல்லூரி மாணவராக 1982 இல் அவர் தொடங்கிய அந்தப் படம் 1989 இல்தான் முடிவுற்றது.

ஸ்டொப் மோஷன் என வழங்கும் இக்கலையின் முறை மிக எளியது. அதன் உழைப்போ மலைப்பூட்டுவது. பொம்மையை ஓர் அணு அளவு நகர்த்தி ஒரு படம் பிடிக்க வேண்டும். பின்னர் மீண்டும் நகர்த்தி மீண்டும் ஒன்று. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இருமுறை பதிந்தாலும் விநாடிக்குப் பன்னிரண்டு அசைவுகள் தேவை. நாள் முழுதும் நின்று பாடுபட்டாலும் கிட்டுவது சில விநாடிகளே. இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகெப் பால்கே, 1912 இல், பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைப் பொறுமையாக ஒவ்வொரு படமாகப் பிடித்துக் காட்டியே தம் தொழிலுக்குப் பணம் திரட்டினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நமக்கு இந்த மண்பொம்மைகள்மேல் இத்துணைப் பற்று ஏன்? நம் பிள்ளைப் பிராயத்தில் படமே இல்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றினால் டைனமோவில் வானொலி பாடும். நாமோ புற்றுமண்ணில் மாடு பிடித்தோம். பனங்கோம்பையில் வண்டில் கட்டினோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், ஆறு வயதுச் சிறுவனாகிய நம் காற்சட்டைப் பையில் அந்த மாடுகளில் ஒன்று இருந்தது. நாவற்குழி சேருமுன்னரே அது தூளாகிவிட்டது. இதைப் பெருந்துயர் என்று சொல்ல வரவில்லை; அன்றிரவு மனிதர் இழந்தவை எவ்வளவோ.

ஆயினும் இக்கலையை வெறும் குழந்தை விளையாட்டாக எண்ணுவோர்க்கு ஒரு சொல். செக்கோஸ்லோவாக்கியாவின் யிர்ஷி திரின்கா 1965 இல் ‘கை’ என்ற பொம்மைப் படத்தை ஆக்கினார். தன் பூச்செடிக்குச் சட்டி வனையும் எளிய குயவனிடம் ஒரு பெரிய கை வந்து, ‘என் உருவத்தையே செய்’ என ஆணையிடுகிறது. அவன் மறுக்கிறான், கூண்டில் அடைபடுகிறான், இறுதியில் மாண்டபின் அதே கை அவனுக்குச் சிறப்பான ஈமக்கடன் செய்கிறது. திரின்கா 1969 இல் மறைந்தபின் அப்படம் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. பொம்மைப் படக்கூடத்தைப் போற்றி வளர்த்ததும் சோஷலிச அரசுதான். இப்படத்துக்கு அஞ்சியதும் அதே அரசுதான். முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் முதலாவதை மட்டும் பேசிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவது நேர்மையாகாது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். சுரேஷ் எரியாட் ஆக்கிய ‘டோக்ரி’ என்ற இந்தியக் குறும்படத்தை எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் காட்டினோம். 2017 ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசியத் திரைப்பட விருது பெற்ற படைப்பு அது. தந்தையின் கடிகாரத்தைத் தவறுதலாக உடைத்துவிட்ட சிறுமி, அதைச் செப்பனிடப் பணம் தேடி, மும்பை வீதிகளில் கூடைகளை விற்க அலைகிறாள். வீதி, வீடு, கூடை யாவும் கையால் ஆக்கிய சிற்றுருவங்கள். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை, குடும்பத்தோடு பாருங்கள்.

படம் முடிந்தபின் பிள்ளைகள் தாமும் ஒன்று செய்யவேண்டுமென்று பிடிவாதம் பிடித்தனர். பனையோலைப் பெட்டியொன்று தானாகவே சுன்னாகம் சந்தைக்கு நடந்துபோகும் கதை. கமெராவாக நம் கைத்தொலைபேசி, காலாகப் பிளாஸ்ரிசின். நடுப்பகல் வெக்கையில் கால்கள் இளகிப் பெட்டி குந்திவிடும் என்பதைக் கண்டு, காலை எட்டு மணிக்கே வேலை தொடங்கினோம். ‘இதனால் பரீட்சைக்கு என்ன பயன்?’ என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சனிக்கிழமை ரியூசன் கெடுகிறதே என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டனர். இருவர்க்கும் தக்க விடை நம்மிடம் இருக்கவில்லை.

வகுப்பின் முதல் மாணவன் முதல் நாளே சலித்துப்போனான். அவன் முழங்கை பட்டு மேசை இருமுறை அசைந்தது. பொறுத்து நின்றவள் பின்வாங்கில் இருக்கும் ஒருத்தி. வீட்டுப்பாடம் செய்துவராதவள் என்று அவளை வகுப்பின் முன் நாம் கடிந்திருக்கிறோம். தவணை அறிக்கையிலும் ‘சோம்பல்’ என்று நம் கையாலேயே எழுதியிருக்கிறோம். அவள் பெட்டியை எள்ளளவு நகர்த்திவிட்டு, யன்னலைப் பார்த்து, “பொறுங்கோ சேர், முகில் போகட்டும்” என்பாள். வெளிச்சம் மாறினால் படம் துடிக்கும் என்பதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. விரல் இவ்வளவு பழகியது எங்ஙனம் என்று கேட்டபோதுதான் தெரிந்தது: இரவில் தாயோடு இருந்து குருத்தோலை வார்ந்து பெட்டி இழைக்கிறாள். அந்தத் தவணை அறிக்கை இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கித் திருத்துவதற்கு ஆசிரியர் எவருக்கும் வழியொன்றும் வகுக்கப்படவில்லை.

நான்கு சனிக்கிழமைகளில் 240 படங்கள் சேர்ந்தன, இருபது விநாடிகள். அவற்றில் ஒன்றில் அவளது கை தவறுதலாகப் பதிந்துவிட்டது. பெட்டி நடந்துகொண்டிருக்கையில் ஒரு கை கணப்பொழுது மின்னி மறையும். நீக்கிவிடலாம் என்றோம். பிள்ளைகள் இணங்கவில்லை.

திரையிட்ட அன்று தாயும் வந்திருந்தார். சுவரில் பெட்டி தள்ளாடி நடந்தது, எல்லோரும் சிரித்தனர். இருபது விநாடி முடிந்ததும் அவர் கேட்டார்: “சேர், இன்னொருக்காப் போடுங்கோ.” போட்டோம். கை மின்னிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். பெருவிரலின் கீழ் வெண்மையாக ஒரு தழும்பு தெரிந்தது.

“ஓம், இது என்ரை பிள்ளையின்ரை கைதான். போன வருசம் ஈர்க்குக் கிழிச்சது” என்றார்.