தம்பியின் வண்டியும் தகப்பனாரின் முள்ளும்

நாம் கரமனையில் குடியிருந்து ரயில்வே எழுத்தராய்க் காலந்தள்ளுபவர்கள். படிப்பு மெட்ரிக்கோடு நின்றது. ஆயினும் பிரேக் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குத் தெரியாதது இல்லை என்னும் செருக்கு வெகுநாள் இருந்தது. அதற்குக் காரணம் நம் தகப்பனார். 1904-ல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதையில், மீட்டர்கேஜ் வண்டிகள் ஓடிய நாளில், அவர் கார்டு உத்தியோகம் பார்த்தவர்.

அவர் சொல்லிச் சொல்லி நம் மனத்தில் ஊறிய பாடம் இது: ரயிலின் நீளம் முழுதும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட வேண்டும். நீராவி இன்ஜினில் எஜெக்டர் என்னும் கருவி அதைச் செய்தது. பாதரச அளவில் 53 சென்டிமீட்டர் வெற்றிடம் நின்றால் பிரேக்குகள் தளர்ந்திருக்கும். எங்கேனும் குழாய் அறுந்து காற்றுப் புகுந்தால், எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானே விழும். “வேக்கம் போனால் வண்டி நிற்கும், பயமில்லை” என்பார்.

இந்த ஒரு வாக்கியந்தான் நம் தம்பியை ஆபத்தில் மாட்டியது.

தம்பிக்கு மோட்டார் வேலை உயிர். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, எங்கிருந்தோ ஒரு சூப்பர்சார்ஜரைத் தேடிப் பிடித்து இன்ஜின்மேல் பொருத்தினான். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் இருந்த சிறு வால்வு பழுதென்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாயை மாட்டினான். “அண்ணா, இதில் ஒழுக்கு வந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டான். நாம் காப்பியை ஆற்றிக்கொண்டே, “வண்டி நிற்கும், வேறென்ன?” என்றோம்.

மறுநாள் தனியார் மைதானம் ஒன்றில் வெள்ளோட்டம். வேகமெடுத்து, ஆக்சிலரேட்டரை விட்டு, உடனே பிரேக்கை மிதித்தான். மிதி கருங்கல்லாய் நின்றது. இரு கால்களாலும் அழுத்தி, மணற்குவியலில் ஏறித்தான் வண்டி அடங்கியது. நெற்றியில் காயம், வேறொன்றுமில்லை. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

பிறகே பாடத்தைப் புதிதாய்ப் படித்தோம். காரில் நிலைமை ரயிலுக்கு நேர்மாறு. அங்கே வெற்றிடம் பிரேக்கைத் தளர்த்துகிறது. இங்கே அது காலுக்கு உதவுகிறது. பூஸ்டருக்குள் ஒரு திரை உண்டு. இருபுறமும் வெற்றிடம், மிதித்தவுடன் ஒருபுறம் மட்டும் வெளிக்காற்று புகுந்து திரையைத் தள்ளும். வெற்றிடம் இல்லையேல் தள்ளுவாரில்லை. முழுப் பாரமும் நம் காலின்மேல். சாதாரணப் பெட்ரோல் இன்ஜின், காற்று வழியை மூடியதும் தன் உறிஞ்சலாலேயே அவ்வெற்றிடத்தை அளிக்கிறது. சூப்பர்சார்ஜரோ காற்றை உள்ளே திணிக்கிறது. உறிஞ்ச வேண்டிய குழாயில் அழுத்தம் ஏறுகிறது. தம்பி எறிந்த வால்வுதான் அவ்வழுத்தம் பூஸ்டருக்குள் திரும்பாமல் தடுத்திருக்க வேண்டியது.

வெட்கம் என்னவென்றால், விடை நம் இலாகாவிலேயே இருந்தது. 1962 முதல் இந்நாட்டில் ஓடத் தொடங்கிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின் டர்போ சூப்பர்சார்ஜர் பூட்டியது. டீசலில் காற்றை அடைக்கும் கதவு இல்லாததால் உறிஞ்சலும் கிட்டாது. ஆகவே, ரயிலின் வெற்றிடத்திற்கென்றே எக்ஸ்பிரஸர் என்னும் இயந்திரத்தை அதில் வைத்தார்கள். ஒருபுறம் காற்றை அழுத்தும், மறுபுறம் உறிஞ்சும். டீசல் கார்களிலும் தனி வேக்கம் பம்பு இருப்பது இதனாலேயே.

தம்பி இப்போது புதிய ஒருவழி வால்வைத் திசை பார்த்து மாட்டியிருக்கிறான். வெற்றிடத்தைச் சேமிக்கச் சிறு தொட்டி ஒன்றும், குறைந்தால் தானே ஓடும் மின்சாரப் பம்பும் உண்டு. ஸ்டியரிங்குக்கு அருகே வேக்கம் காட்டும் முள் ஒன்று வைக்கச் சொன்னது நாம். கார்டு பெட்டியில் தகப்பனார் கண் வைத்திருந்த முள்ளைப் போல. இன்ஜினையே மாற்றுவதென்றால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்; ஆதலால் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாதென்று கண்டித்துச் சொல்லியிருக்கிறோம்.

ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போகிறோம். இன்ஜினையும் பம்பையும் நிறுத்தச் சொல்லி, முள் எத்தனை நிமிஷம் இறங்காமல் நிற்கிறதென்று கைக்கடிகாரத்தில் பார்க்கிறோம். தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.