ஓட்டத்தை நிறுத்தாத திருத்தம்

ஆய்வில் சேர்ந்த முதலாண்டில் எங்கள் ஆய்வகச் சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒருநாள் லினக்ஸ் கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தம் வந்தது. நிறுவினேன், சர்வரை மீளத் தொடங்கினேன். தாராவியிலிருந்து வரும் இளைய ஆய்வாளர் ஒருவரின் கணக்கீடு அதில் 19 நாள்களாக ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இடைநிலை முடிவுகள் எதுவும் சேமிக்கப்படவில்லை. “பரவாயில்லை அண்ணா, மறுபடி ஓட்டிக்கொள்கிறேன்” என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மீளத் தொடங்கினால் ஒருவரின் உழைப்பு அழியும்; தள்ளிப்போட்டால் அனைவருக்குமான கதவு திறந்து கிடக்கும். இவ்விக்கட்டுக்கு விடை தேடியபோதுதான் கேஸ்பிளைஸ் பற்றிப் படித்தேன். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெஃப் அர்னால்டும் ஃபிரான்ஸ் காஷூக்கும் 2009இல் வெளியிட்ட கட்டுரை அது. மாறிய செயற்கூறுகள் மட்டும் நினைவகத்தில் ஏற்றப்படும்; பழைய செயற்கூறின் தொடக்கத்தில், புதியதற்குத் தாவும் கட்டளை எழுதப்படும். அதற்குமுன், எந்த இழையேனும் பழைய செயற்கூறுக்குள் இருக்கிறதா என்று அடுக்குகள் சோதிக்கப்படும். இருந்தால், காத்திருந்து மீண்டும் முயலும். அவர்கள் ஆராய்ந்த 64 பாதுகாப்புத் திருத்தங்களில் 56 இவ்வாறே பொருந்தின. எஞ்சியவற்றுக்கு, நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள தரவின் அமைப்போ பொருளோ மாறியதால், மனிதர் கூடுதல் நிரல் எழுத வேண்டியிருந்தது. 2015இல் வெளியான லினக்ஸ் 4.0, இம்முறைக்கான அடிப்படையைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தது.

மும்பைவாசிகளுக்கு இது புதிதன்று. 1925 முதல் நம் லோக்கல் ரயில்கள் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடின. அதனை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்ற நகரை நிறுத்திவைக்க இயலாது. எனவே இருவகை மின்சாரத்திலும் ஓடக்கூடிய ரயில்கள் முதலில் வந்தன. பின்னர் ரயில்கள் ஓய்ந்த இரவுகளில், பகுதி பகுதியாகக் கம்பியின் மின்சாரம் மாறியது. மாட்டுங்கா வழிச் செல்லும் மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையில் அப்பணி 2015 ஜூனிலும், செம்பூர் வழிச் செல்லும் ஹார்பர் பாதையில் 2016 ஏப்ரலிலும் நிறைவுற்றது. செயற்கூறு காலியாகும் கணத்துக்குக் காத்திருக்கும் அதே நிதானம்தான் இங்கும்.

இன்று எங்கள் சர்வரிலும் நேரடித் திருத்தம் இயங்குகிறது. ஆயினும் அது மீள்தொடக்கத்தை ஒழிக்கவில்லை, ஒத்திப்போடுகிறது. பெரிய மாற்றங்கள் வரும்போது சர்வரை நிறுத்தியே ஆக வேண்டும். அந்நாளை இப்போது நான் தனியே குறிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பணிகளின் பட்டியலை எடுத்து, உரியவர் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்: “உள்ளே ஏதேனும் ஓடுகிறதா? சேமித்துவிட்டீர்களா?” உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே கைவைக்கும் அந்த நிரலின் பண்பை, அன்று நான் கற்றிருக்கவில்லை.