பன்னாடைக்கு ஒரு வக்காலத்து

உள்ளங்கையில் கொட்டியபோது காப்பித் தூள் போல இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது, தேய்த்தால் கரிக்கோடாக நீண்டது. இருபது வருடத்துக்கு முன் அது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அப்பா தன் கையால் வெட்டி, தன் ஹோண்டா செவண்டியின் ஏர் பில்டர் பெட்டிக்குள் வைத்தது.

மூன்று வாரமாகவே மோட்டாருக்கு மூச்சுத் திணறல். சமதரையில் ஓடும், ஸ்கூடாய் மேட்டில் ஏறச் சொன்னால் இருமும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி. காபரேட்டரைச் சந்தேகப்பட்டேன், பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன், மகன் திருட்டுத்தனமாக ஓட்டியிருப்பானோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஏர் பில்டரை மட்டும் சந்தேகப்படவில்லை. அப்பா போட்டது அல்லவா! அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகியும் அந்தப் பெட்டியை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் ஸ்பாஞ்சோடு ஒரு கம்பியும் இருந்தது. பால்மரத்தில் கோப்பையைத் தாங்கி நிற்குமே, அந்தக் கம்பி. அதை வட்டமாக வளைத்து, ஸ்பாஞ்சு உள்ளே உறிஞ்சப்பட்டுவிடாமல் தாங்கலாக வைத்திருந்தார். பெட்டியின் விளிம்பில் காய்ந்துபோன கிரீஸ் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டியவர். அந்தக் காலத்து டிராக்டருக்குக் காகிதப் பில்டரெல்லாம் கிடையாது. அடியில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் நிற்கும். உள்ளே வரும் காற்று அந்த எண்ணெயின் மேல் வந்து சட்டென்று திரும்பி மேலேற வேண்டும். காற்று லேசானது, திரும்பிவிடும். செம்மண் தூசி கனமானது, திரும்பத் தெரியாமல் எண்ணெயில் விழுந்து சேறாகிவிடும். வாரக் கடைசியில் அந்தச் சேற்றை வழித்துப்போட்டுப் புது எண்ணெய் ஊற்றுவது அப்பாவின் வேலை. அந்தப் பாடத்தைத்தான் அவர் ஸ்பாஞ்சுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எண்ணெயில் நனைத்துப் பிழிந்து வைத்த ஸ்பாஞ்சின் ஓட்டைகள் தூசியைவிடப் பெரியவைதான். ஆனால் அந்தச் சந்துபொந்துகளில் காற்று வளைந்து வளைந்து போகும்போது, திரும்பத் தெரியாத தூசி ஏதாவதொரு சுவரில் முட்டி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சல்லடையில் சலிக்கிற மாதிரி இல்லை இது. வளைவில் வேகத்தைக் குறைக்காதவன் பள்ளத்தில் விழுகிற மாதிரி.

ஜொகூர் பாருவில் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையனுக்கு என் மகன் வயசு இருக்கும். மோட்டார் என்ன வருஷம் என்றான். எழுபத்தொன்பது என்றேன். “ஓ, கப்சாய் கிளாசிக்!” என்று மரியாதையாகச் சிரித்தான். எனக்கு அந்த ‘கிளாசிக்’ என்ற சொல் பிடிப்பதில்லை. தங்களைவிடப் பழையது எதையும் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். கப்சாய் என்ற சொல் மட்டும் பிடிக்கும். ஹோண்டாவின் ‘கப்’ என்பது ஆங்கிலத்தில் விலங்குக் குட்டி. ‘சாய்’ கண்டனீஸில் சின்னப் பயல், குட்டி. ஆக, இந்த நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஐம்பது வருடமாக ‘குட்டிக்குட்டி’ என்று செல்லம் கொஞ்சிக்கொண்டு ஒரு வண்டியை ஓட்டுகிறோம். 1958இல் ஜப்பானில் முதல் சூப்பர் கப் வந்தது. அதே சமயத்தில் பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே விற்கும் உரிமையை வாங்கினார். 2017க்குள் உலகம் முழுக்கப் பத்துக் கோடி கப் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. அதில் ஒன்று தோட்டத்து லயத்து வாசலில் நின்றது. பத்துக் கோடியும் இதற்காகத்தான் என்பது போல அப்பா அதைத் துடைப்பார்.

பையன் மூன்று பில்டர்களை எடுத்து வைத்தான். ஒன்று காளான் வடிவத்தில், சிவப்பு வலையோடு, பெட்டியே வேண்டாம், காபரேட்டர் வாயில் நேராக மாட்டுவது. “பவர் கூடும் அங்கிள்,” என்றான். கூடாது, சத்தம்தான் கூடும். காபரேட்டரின் ஜெட் துவாரத்தை இந்தப் பெட்டியும் இந்தத் தடையும் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். தடையை எடுத்துவிட்டால் காற்று கூடி, பெட்ரோல் போதாமல், இஞ்சின் சூடேறும். பெரிய ஜெட் போட வேண்டிவரும். அதற்கும் மேல், நாலு மணிக்குக் கொட்டும் ஜொகூர் மழை நேராக அந்தக் காளானுக்குள் இறங்கும். வேண்டாம் என்றேன். இரண்டாவது, அசல் பெட்டியில் வந்த பழைய கையிருப்பு. விலையைக் கேட்டுவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தேன். காகிதம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த பசை என்ன நிலையில் இருக்கும் என்று யார் கண்டது? மூன்றாவது பன்னிரண்டு வெள்ளி. எந்த நாட்டில் செய்தது என்று அட்டையில் போடவில்லை. அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கூலாய் டவுனில் ஒரு சீனக் கிழவர் பட்டறை வைத்திருக்கிறார். தோட்டத்து ஆட்களோடு வளர்ந்ததால் அவருடைய தமிழ் என் மகனுடையதைவிட நன்றாக இருக்கும், மரியாதை விகுதிகள் மட்டும் கிடையாது. பன்னிரண்டு வெள்ளிப் பில்டரைப் பெட்டியில் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விளிம்பில் ஒரு பக்கம் நூல் போல வெளிச்சம் தெரிந்தது. “காகிதம் நல்லது. ஆனா காத்துக்கு என்ன பைத்தியமா? இவ்ளோ வழி இருக்கப்ப காகிதத்துக்குள்ள ஏன் போவும்?” என்றார். அப்புறம் காய்ந்த கிரீஸ் வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, “ஒங்கப்பன் கெட்டிக்காரன் லா,” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பில்டர் எதனால் செய்தது என்பது இரண்டாம் பட்சம். சந்து இல்லாமல் உட்கார வேண்டும். அதற்குத்தான் விளிம்பில் கிரீஸ்.

அந்தச் சந்தில் எவ்வளவு போகும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். இஞ்சின் 72 சிசி. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு, ஆக 2,500 மூச்சு. தடையில்லாமல் இழுத்தால் 180 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் போதும். அதாவது அந்த வேகத்தில் போகும்போது என் காலடியில் இருபத்தைந்து பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று வேண்டும். விடியற்காலை ஜொகூர் பாலத்தில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார்கள் தேனீக்கூட்டம் போல நெரியும்போது, முன்னால் நிற்பவன் விட்டதைப் பின்னால் நிற்பவன் இழுத்துக்கொண்டிருப்பான். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம், விலை ஏறினால் கோபிக்கிறோம். ஒன்பதாயிரம் பங்கு இலவசமாக வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய பிரிட்டிஷ் மோட்டார்கள் பலவற்றுக்கு ஏர் பில்டரே தனிக்காசு கொடுத்து வாங்கும் உபரிப் பொருளாக இருந்ததாம். ஈரமும் புல்லுமான ஊரில் அது நடக்கும். செம்மண் பாதையில் நடக்காது. மணல் துகள் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போய்விட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைதான். நீலப் புகை வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

வடிகட்டி என்றதும் எனக்கு ஆறாம் ஆண்டு ஆசிரியர் ஞாபகம் வராமல் இருக்காது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பலகைச் சுவர், தகரக் கூரை. மழை வந்தால் பாடம் நிற்கும். எனக்கு வாய்ப்பாடு ஏறாது; சினிமாப் பாட்டு ஏறும். ஒருநாள் அவர் என்னைப் “பன்னாடை!” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், என்னவென்று தெரியாமல். அந்தத் திட்டு அதற்கு முன்னும் காதில் விழுந்திருக்கிறது; கள்ளுக்கடைப் பக்கம் சரளமாகப் புழங்கும். ஆனால் அது ஒரு பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. ஆசிரியர் ஜன்னல் வழியாகத் தென்னையைக் காட்டினார். மட்டை மரத்தைப் பற்றியிருக்கும் இடத்தில் பழுப்பாக, யாரோ நெய்து வைத்த முரட்டுத் துணி மாதிரி சுற்றியிருக்குமே, அதுதான். அதில் நெய்யை வடிகட்டுவார்களாம். நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நல்லதை விட்டுக் கெட்டதை மட்டும் மண்டையில் வைத்துக்கொள்கிற நீ வேறென்ன என்றார். உவமை என் விஷயத்தில் அப்பழுக்கில்லாமல் பொருந்தியது.

வெகு காலம் கழித்துத்தான் அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை என்று தெரிந்தது. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலில் எழுதி வைத்திருக்கிறார். மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்கிற வடிகட்டி நாலும் கடைசி வரிசை. ஓட்டைக் குடத்தில் எதுவும் தங்காது. ஆடு எந்தச் செடியிலும் நிலைக்காமல் நுனி மேயும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். இவை மூன்றின் மேலும் எனக்குப் புகார் இல்லை. மூன்றையும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். நெய்யரி விஷயத்தில்தான் முனிவரோடு சண்டை.

அன்னம் என்ன செய்கிறது? பாலையும் நீரையும் கலந்து வைத்தால் பாலை மட்டும் குடிக்கிறது. நெய்யரியும் பிரிக்கிற வேலையைத்தான் செய்கிறது. ஒரே திறமை! அன்னம் நல்லதைத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு, தண்ணீரை நமக்கு வைத்துவிட்டுப் போகிறது. நெய்யரி கசடைத் தான் வைத்துக்கொண்டு, நெய்யை நம் பாத்திரத்தில் இறக்குகிறது. அதற்கு முதல் வரிசை, இதற்குக் கடைசி வரிசை. மாணவன் தலையில் என்ன தங்குகிறது என்பதுதானே முனிவருக்குக் கவலை, அந்தக் கணக்கில் அவர் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நெய் சோறு சாப்பிட உட்கார்ந்தவனைக் கேட்டால் வரிசையை மாற்றிப் போடுவான். அதுபோக, அன்னம் அப்படிச் செய்து யார் பார்த்தது? பன்னாடை தென்னைக்குத் தென்னை தொங்குகிறது.

அம்மா பால்மரம் வெட்டியவர். வாளியில் சேர்த்த பாலை நிறுவையிடத்தில் ஊற்றும்போது வடிகட்டியில் பட்டைத் துணுக்கும் இலையும் உறைந்துபோன கட்டியும் நிற்கும். இன்றைக்கு என்ன அசட்டையாக வேலை செய்தாய் என்று கிராணி அந்த வடிகட்டியைப் பார்த்துத்தான் கேட்பார். கீழே இறங்கிய பாலைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஏர் பில்டர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. புத்தம்புதுக் காகிதப் பில்டரைவிட, கொஞ்சம் ஓடி அழுக்கேறிய பில்டர்தான் தூசியை நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே பிடித்து வைத்த தூசியே அடுத்த தூசிக்கு வலையாகிவிடுகிறது. அதனால் வாராவாரம் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்கிறவன் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறான். நான் திறக்காமலே விட்டது நல்லதுதான் என்று இதை வைத்து வாதாடிப் பார்த்தேன். கிழவர் ஒப்புக்கொள்ளவில்லை. எதற்கும் ஓர் அளவு உண்டு, அளவு தாண்டினால் காற்றே போகாது, இருபது வருஷம் அளவு தாண்டித்தான் என்றார். நம் ஊர் ஈரத்தில் ஸ்பாஞ்சு தானாகவே சிதைந்து தூளாகும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அந்தத் தூளில் பாதி காபரேட்டருக்குள் கிடந்தது.

அந்த ஸ்பாஞ்சு நன்றாக இருந்த காலத்தில் ஒரு பெரிய பரீட்சையைப் பார்த்தது. 2013 ஜூனில் சுமத்ரா காட்டுத்தீயின் புகை மூவாரை மூடியபோது நான் அங்கே இருந்தேன். 23ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. முந்நூறு தாண்டினாலே அபாயம் என்பார்கள். மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவித்தார்கள். எதிர்வீடு தெரியவில்லை. முகக்கவசம் தேடி இதே மோட்டாரில் கடை கடையாக அலைந்தேன். நாங்கள் எல்லோரும் கண் எரிந்து இருமிக்கொண்டிருக்க, இது மட்டும் ஒரே மிதியில் கிளம்பி நிம்மதியாக ஓடியது. அப்பாவின் ஸ்பாஞ்சு காப்பாற்றுகிறது என்று பெருமைப்பட்டேன். அதுவும் தப்பு. புகைத் துகள் அவ்வளவு நுண்ணியது. அது ஸ்பாஞ்சின் வளைவுகளில் காற்றோடு சேர்ந்து சாமர்த்தியமாகத் திரும்பி உள்ளே போய்விடும். இஞ்சினுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. சிலிண்டரைத் தேய்ப்பது மணல், புகை அல்ல. நுரையீரலுக்குத்தான் கணக்கு நேர் எதிர்.

கடைசியில் பன்னிரண்டு வெள்ளியைத் தண்டமாக வைத்துவிட்டு, பில்டருக்கென்றே விற்கும் ஸ்பாஞ்சு ஒரு தாள் வாங்கினேன். பெட்டியின் அளவுக்கு ஒரு நூல் பெரிதாக வெட்டினேன், நெருக்கி உட்காரட்டும் என்று. மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, எண்ணெயில் தோய்த்து மறுபடி பிழிந்தேன். அலசியது சமையலறைக் கோப்பையில். அதைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அப்பாவின் கம்பியைத் துரு தேய்த்து அதே இடத்தில் வைத்தேன். கிரீஸை விரலால் எடுத்து விளிம்பு முழுக்கச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தபோது மகன் கையில் போனோடு வந்து குனிந்து பார்த்தான்.

“ப்பா, இது பேரு என்ன?”

“பன்னாடை,” என்றேன்.

ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். “சும்மா பேரு கேட்டதுக்கு அப்பா என்னைத் திட்றாரும்மா,” என்று அடுப்படியில் புகார் கொடுப்பது கேட்டது.