பாய்மரத்தை வெட்டிய மாலுமி

கப்பலுக்கும் ஜாதகம் கணிப்பதாயிருந்தால், ‘யூடெர்ப்பி’யின் ஜாதகத்தைக் கண்ட எந்த ஜோசியரும் உதட்டைப் பிதுக்கியிருப்பார். கிரேக்கரின் சங்கீத தேவதையின் பெயர் பூண்ட அந்த இரும்புப் பாய்க்கப்பல், 1863-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி, மான் தீவிலுள்ள ராம்ஸேயில் கடலில் இறக்கப்பட்டது. மறுவருஷம் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதற் பிரயாணத்திலேயே, வேல்ஸ் கரையருகே, விளக்கின்றி வந்த ஸ்பானியக் கப்பலொன்றுடன் மோதியது. மேற்கொண்டு செல்ல மறுத்த மாலுமிகள் பதினேழு பேர் சிறை புகுந்தார்கள்.

இரண்டாம் பிரயாணத்தில் ஆபத்து நம் கரையருகே காத்திருந்தது. 1865-ல், சென்னைக்கு அப்பால், வங்காள விரிகுடாவில் கடும் புயல். கப்பல் தலைவர் வில்லியம் ஸ்டோரி பாய்மரங்களை வெட்டித் தள்ளச் செய்தார்!

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், “பாய்மரம் போனால் கப்பல் எப்படி ஸார் போகும்?” என்று யாரேனும் ஒரு பையன் கேட்பான். நியாயமான கேள்விதான். ஆனால், நல்ல காலத்தில் காற்றை வாங்கிக் கப்பலைச் செலுத்தும் அதே மரம், புயலில் அதைச் சாய்த்துக் கவிழ்க்கப் பார்க்கும். மேற்பாரம் குறைந்தால்தான் கப்பல் நிமிரும். மொட்டையாய் நின்ற யூடெர்ப்பி தட்டுத் தடுமாறித் திருகோணமலையை அடைந்து, பின்னர் கல்கத்தாவில் பழுது பார்க்கப்பட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் ஸ்டோரி காலமானார். அவர் உடலைக் கடலே ஏற்றுக்கொண்டது.

அவர் காப்பாற்றிய கப்பலோ நெடுங்காலம் வாழ்ந்தது. நியூஸிலாந்துக்குக் குடியேறுவோரை ஏற்றிக்கொண்டு இருபத்தொரு முறை உலகைச் சுற்றியது. அப்புறம் அலாஸ்காவின் ஸால்மன் மீன் தொழிலுக்குப் போயிற்று. 1906-ல் அதற்கு ‘ஸ்டார் ஆப் இந்தியா’ என்று பெயர் மாற்றினார்கள். இந்தியாவுக்கு வருவதை அது நிறுத்திப் பல வருஷங்களுக்குப் பிறகு! 1926-ல் காட்சிப் பொருளாக்கவென்று ஸான் டீயகோ நகரத்தார் வாங்கினர். பணமின்றிப் பல்லாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. பின்னர் ஊர் ஜனங்கள் முனைந்து செப்பனிட்டார்கள். 1976-ல் மீண்டும் பாய் விரித்து ஓடிற்று.

என் தொழிலில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கஷ்ட காலத்தில் வெளிப்பகட்டை விடமாட்டாமல் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு; கை வளையலைக் கழற்றி விற்றுச் சம்பளம் கட்டும் தாய்மாரும் உண்டு. வெறுங்கையுடன் பள்ளி வாசலில் நின்ற அத்தாய்மாரைக் காணும்போது எனக்கு ஸ்டோரியின் நினைவு வரும். பாய்மரத்தைப் பின்னால் நட்டுக்கொள்ளலாம்; முதலில் கப்பல் மிதக்க வேண்டும்.