சுவருக்குள் ஒரு கடல்

எம் ராயபுரத்து மஹல்லாவின் பெரியவர் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நலம் விசாரிக்கச் சென்றோம். அவ்வறையில் சன்னல் இல்லை. இரவும் பகலும் ஒரே விளக்கு. ஸலாமுக்குப் பதில் சொன்னவர், "ஹஜ்ரத், இப்போது ஃபஜ்ரா, மஃரிபா?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் காசிமேட்டுக் கடலைப் பார்த்தே நேரம் அறிந்தவர்! அக்கேள்வி எம்மை உறங்கவிடவில்லை.

சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 நோயாளிகள், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அவர்களுக்கு வீரியமிக்க வலிநீக்கிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. இது நம் முன்னோர் அறியாததன்று. 1488இல் துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனையில் நீரூற்றின் ஓசையும் சிகிச்சையாக இருந்தது.

மறுநாள் காசிமேட்டு விடியற்காலைக் கடலின் படத்தை, துடைத்துச் சுத்தம் செய்யத் தக்கவாறு லேமினேட் செய்து, செவிலியரின் அனுமதியோடு அவர் கண்ணெதிரே மாட்டினோம். நெடுநேரம் பார்த்தவர், "வாடைக்காற்று" என்றார்.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே, படமன்று. ஆயினும், பழம் கொண்டு செல்ல இயலாத அவ்வறைக்கு நோயாளியின் கடலையும் வானத்தையும் கொண்டு செல்லலாம். "இப்போது ஃபஜ்ரு நேரம்" என்று அவரிடம் சொல்வதும் ஸதகாவே.